என் தொண்டையும் சைகோன் மாரியம்மனும்

என் குரல் ஒரே நாளில் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. தெத் எனப்படும் வியட்நாம் புத்தாண்டு விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்தபோது லேசான கரகரப்பு இருந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மஞ்சள் போட்ட பால் குடித்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். மழைக்காலம் தொடங்கியபோது, மதியத்துக்கு மேல் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

அம்மனை நம்புகிறவர்களோடு இதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் மதுரைக்காரி. பெயர் செல்வி. கணவர் முருகேசன், மகள் யாழினி. ஹோ சி மின் நகரத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கே நிறையப் பேர் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது. வேலை, ப்ராடக்ட் மேனேஜர். அது என்ன வேலை என்று அம்மாவிடம் விளக்கி விளக்கி எனக்கே அலுத்துவிட்டது. செயலியை எழுதுவது நான் இல்லை, இன்ஜினியர்கள். விற்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது, எதைச் செய்யவே வேண்டாம் என்று எல்லாரிடமும் பேசி ஒத்துக்கொள்ள வைப்பதுதான் என் பொறுப்பு. எனக்குக் கீழே யாரும் கிடையாது, அதனால் அதட்டி வேலை வாங்க முடியாது. காலையில் இன்ஜினியர்களோடு ஒரு கூட்டம், பிறகு விற்பனைக்காரர்களோடு, பிறகு மேலிடத்தோடு. சாயங்காலம் கிளம்பும்போது, நாள் முழுக்கப் பேசியதைத் தவிர இதைச் செய்தேன் என்று காட்ட ஒன்றும் இருக்காது. குரல் போனால் இந்த வேலையும் போன மாதிரிதான்.

அப்போதுதான் நான் வேலை மாறிக்கொண்டிருந்தேன். தெத் போனஸ் கைக்கு வந்ததும் வேலை மாறுவது இந்த ஊர் வழக்கம். ஊரின் நடுவில் இருந்த பணப் பரிமாற்றச் செயலி நிறுவனத்தில் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. சலிப்புதான். ஒரு பொத்தானை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று வாரக்கணக்கில் வாதாடிவிட்டு வீட்டுக்கு வரும்போது, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். ஊரின் கிழக்கே தூ டுக் பக்கம் ஒரு சின்ன நிறுவனம் என்னை எடுத்துக்கொள்ள முன்வந்தது. கிராமப்புற மருந்துக் கடைகள் மருந்து தீரும் முன்பே ஆர்டர் போட உதவும் செயலி அவர்களுடையது. பிடித்துப்போனது. பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

வெளிநாட்டவருக்கு இங்கே வேலை அனுமதி நிறுவனத்தோடு சேர்ந்தது. பழைய வேலை முடிந்தால் பழைய அனுமதியும் முடிந்தது, புதிய நிறுவனம்தான் புதிதாக வாங்கித் தர வேண்டும். முருகேசன் வீட்டிலிருந்தபடி மதுரைக் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்க்கிறார். அவரும் யாழினியும் இந்த நாட்டில் இருப்பது என் அனுமதியை வைத்துத்தான். மூன்று பேரின் இருப்பும் என் தொண்டையில் தொங்கியது.

பழைய அலுவலகத்தில் கடைசி வாரங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது முருகேசன் என்னைக் கட்டாயப்படுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் என் வயதுப் பெண். மூக்கு வழியாகக் குழாயை விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாணில் ஒரு சின்ன வளர்ச்சி. அதன் மேல் வெள்ளையாக ஒரு படலம்.

"இதை எடுத்துவிடலாம். எடுத்தால்தான் என்னவென்று சொல்ல முடியும்," என்றார் டாக்டர்.

என்னவாக இருக்கலாம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். என் அப்பா தொண்டைப் புற்றுநோயில்தான் போனார். அவருக்கும் கரகரப்பில்தான் தொடங்கியது. கடைசி மாதங்களில் சைகையில்தான் பேசினார். தண்ணீர் வேண்டும் என்றால் விரலை உதட்டில் வைப்பார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று டாக்ஸியில் நான் அழவில்லை. ஜன்னல் வழியாக மோட்டார் பைக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பயம் இவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரு முறை பார்த்ததே அவருக்குப் போதும். புதிய நிறுவனத்திடமும் சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். தொண்டைக்கட்டு என்று சமாளித்துக்கொள்ளலாம், வேலையில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். முருகேசன் ஒத்துக்கொள்ளவில்லை.

"சேர்ந்த பொறகு தெரிஞ்சா உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? இப்பவே சொல்லிரு செல்வி. வேண்டாம்னா ஊருக்குப் போவோம். மதுரையிலயும் ஆளுக இருக்கத்தானே செய்யறாங்க."

அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்டக் குரல் இல்லை. மறுநாள் புதிய நிறுவனத்தின் தலைவிக்கு நிலைமையை எழுதி அனுப்பினேன். அவர் பெயர் ஹான். இங்கே பெண் மேலதிகாரியையும் பெயருக்கு முன்னால் 'சி' என்று சேர்த்து அழைப்பார்கள், அக்கா என்று பொருள். தமிழ்க் காதுக்கு 'சீ' என்று விரட்டுவதுபோல இருக்கும். வந்த புதிதில் யாரையும் அப்படிக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்று அதே சொல்லை எழுதித்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. அவரிடமிருந்து பதில் வரவில்லை.

இரண்டு வேலைகளுக்கும் இடையில் கிடைத்த சில நாட்களில் அறுவை சிகிச்சை நடந்தது. எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்றார் டாக்டர். கிசுகிசுப்பதும் கூடாதாம். பேசுவதைவிட அதுதான் தொண்டைக்குக் கெடுதல் என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முருகேசன் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். பென் தான் என்ற பெரிய சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது நம் மாரியம்மன் கோயில். தமிழர்கள் கட்டியது, ஆனால் அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். வேலை மாற்றம், பிள்ளை வரம், கல்யாணம், வியாபாரம் எல்லாவற்றுக்கும் ஆத்தாவிடம்தான் வருகிறார்கள். ஊதுபத்தியும் மல்லிகையுமாகச் சுற்றி வந்து, பின்பக்கக் கல் சுவரில் நெற்றியையும் உள்ளங்கைகளையும் வைத்து, வேண்டியதைச் சுவரோடு சுவராகக் கிசுகிசுப்பார்கள். நானும் பல முறை அப்படிச் செய்திருக்கிறேன். அன்று என் இரண்டு பக்கமும் அலுவலக உடையில் இரண்டு பெண்கள். இருவரும் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கிசுகிசுக்கவும் அனுமதி இல்லை. நெற்றியை மட்டும் வைத்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது.

மனசுக்குள் கேட்கலாம் என்று தொடங்கினால் எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. குரல் வேண்டும். வேலை வேண்டும். அனுமதி வேண்டும். அந்தத் துண்டில் கெட்டது இருக்கக் கூடாது. யாழினிக்கு எதுவும் தெரியக் கூடாது. அம்மாவுக்குத் தெரியக் கூடாது. எத்தனையோ பேர் கேட்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதானே என் தொழில். அங்கேயும் அதையே செய்தேன். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது? 'ஆத்தா, குரல் திரும்பாவிட்டால் போகட்டும். வேலை போனால் போகட்டும். அந்தத் துண்டில் கெட்டது இருக்கக் கூடாது.' அதோடு நிறுத்திக்கொண்டேன். மற்றதையெல்லாம் உண்மையாகவே விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஹானின் பதில் வந்தது. பயணத்தில் இருந்ததால் தாமதம் என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். சொன்ன தேதியில் வாருங்கள், பேச வேண்டாம், உட்கார்ந்திருங்கள், அனுமதிக்கான வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தார். தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். முருகேசன் பதறிப்போய் என் கையிலிருந்து போனை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

இப்படியாக, பேசுவதையே தொழிலாகக் கொண்ட நான் ஊமையாக வேலையில் சேர்ந்தேன். மெட்ரோவில் ஏறி தூ டுக் போவேன். கம்ப்யூட்டரில் எழுதிக் காட்டுவேன். மௌனம் எனக்குப் பெரிய ஞானத்தைத் தந்தது என்று எழுத ஆசைதான். தரவில்லை. எரிச்சல்தான் தந்தது. நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பேச்சு நாலு தெரு தாண்டியிருக்கும். ஒரு கூட்டத்தில், செயலியில் பாதி முடிந்த ஒரு வசதியை உடனே கடைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று விற்பனைப் பிரிவினர் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார்கள். கொடுத்திருந்தால் ஒரே மருந்துக்கு இரண்டு ஆர்டர் போய் விழுந்திருக்கும். நான் அவசர அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

ஹான் மேசையில் கையை வைத்தார். "நிறுத்துங்கள். அவர் எழுதி முடிக்கட்டும். பிறகு பேசலாம்," என்றார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். அறையில் என் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. படித்தார்கள். முடிவைத் தள்ளிவைத்தார்கள். அதன் பிறகு, யாரும் சொல்லாமலேயே, எந்த முடிவுக்கும் முன்னால் ஒரு முறை என் திரையைப் பார்த்துக்கொள்வது அங்கே பழக்கமாகிவிட்டது. சம்பளம் வாங்கிய இடங்களில் இப்படி ஒரு மரியாதையை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் முதலில் காகிதத்தைக் காட்டாமல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். கெட்டது எதுவும் இல்லை. சாதாரண வளர்ச்சி, குரலை அதிகமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு வருவது. முருகேசன் எழுந்து அறைக்கு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியபோது அவர் முகம் கழுவியிருந்தார்.

பேசிப் பாருங்கள் என்று டாக்டர் அனுமதி தந்தபோது, முதல் சொல் 'ஆத்தா' என்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவரோ 'ஈ' என்று நீட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்தது என் குரல் இல்லை. தாழ்ந்து, தடித்து, யாரோ ஓர் அண்ணன் பேசுவதுபோல் இருந்தது. தேறும், ஆனால் முழுக்கப் பழையபடி ஆகாது என்றார் டாக்டர். யாழினி அன்று சாயங்காலமெல்லாம் என்னைப் பேசச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அம்மாவை அழைத்தேன். இத்தனை நாளும் அம்மா தினமும் அழைத்துக்கொண்டுதான் இருந்தார். செல்வி மீட்டிங்கில் இருக்கிறாள், தூங்குகிறாள் என்று முருகேசன் ஏதேதோ சொல்லிச் சமாளித்துவந்தார்.

"யாருங்க பேசுறது?" என்றார் அம்மா.

"நான்தாம்மா. செல்வி."

அம்மா டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"தொண்டையா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. எடுத்தாச்சு. ஒன்னும் இல்லைன்னு ரிசல்ட் வந்துருச்சு."

அம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. "மாப்ள மீட்டிங் மீட்டிங்னாரு. மீட்டிங்ல இருந்தாலும் 'அப்புறம் பேசுறேன்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வைக்கிறவதானடி நீ. அந்த ஒரு வார்த்தை வரலைன்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றார். தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்கு வாரா வாரம் போய்க்கொண்டிருந்தாராம்.

"என்னன்னே தெரியாம என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"தெரியாததை எப்படிக் கேக்குறது? 'எம் மகளுக்கு என்னமோ ஆயிருக்கு, என்கிட்ட சொல்ல மாட்டேங்குறாக. உனக்குத் தெரியும்ல, நீ பாத்துக்க'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

நான் ஆத்தாவிடம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டேன். எனக்குக் கிடைத்ததோ எல்லாம். வேலை இருந்தது, அனுமதி வந்தது, பேசக் குரல் இருந்தது. அதெல்லாம் நான் கேட்காமல் விட்டவை. கேட்டது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்படிப்பட்ட வளர்ச்சிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவைதான் என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் மறுக்கவில்லை. மருத்துவம் தன் வேலையைச் செய்தது. ஹான் நல்ல மனுஷி, அதுவும் உண்மை. ஆனால் நானும் அம்மாவும், இரண்டு நாடுகளில், ஒரே தாயின் முன்னால் நின்றோம். அது வீண் போகவில்லை என்பதை என்னால் மறைக்க முடியாது.

இப்போதும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறேன். குறைவாகப் பேசுகிறேன், டாக்டர் உத்தரவு. கூட்டத்தில் யாராவது இழுத்து இழுத்துப் பேசினால் இன்னும் பொறுமை போகத்தான் செய்கிறது. மாறியது வேண்டுதல்தான். முன்பெல்லாம் ஆத்தாவிடமும் எதை முதலில் செய்ய வேண்டும் என்று வரிசை போட்டுக் கொடுப்பேன். இப்போது அம்மா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

உங்களில் யாருக்காவது சொல்ல முடியாத கஷ்டம் இருக்கலாம். எப்படிக் கேட்பது, எதைக் கேட்பது என்று புரியாமல் கோயிலுக்குப் போவதையே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கலாம். புரியாமலே போங்கள். அவளுக்கு விளக்கம் தேவைப்படாது. சைகோன் பக்கம் வந்தால் நம் கோயிலுக்கும் வாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சன்னதியில் நாலைந்து தமிழர்கள் போற்றி சொல்லிக்கொண்டிருப்போம். அதில் ஓர் ஆண் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், சேலை கட்டிக்கொண்டு நான் நிற்பேன்.