பூட்டிய வீடுகளின் யூனிட்

ரீடிங் அக்காவை அந்த வட்டாரத்து நாய்களுக்கெல்லாம் தெரியும். மின்சார ஆபீஸ் வேலையில் இருபத்து நான்கு வருஷமாக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறாள். அவளைக் கண்டு குரைப்பதை நாய்கள் எப்போதோ விட்டுவிட்டன. அதற்காக வாலை ஆட்டுவதும் இல்லை.

மேட்டுத் தெரு அவளுடைய கடைசி நடை. சரிவில் அறுபது வீடுகள். அதில் நாற்பத்தொன்று பூட்டு. பிழைக்கப் போனவர்கள் சீக்கிரம் வருவதாகத்தான் சொல்லிப் போனார்கள். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.

பூட்டிய வீடு என்றால் பழைய கணக்கை வைத்துச் சராசரி போட்டுக்கொள்ளலாம் என்பது ஆபீஸ் வழக்கம். மூன்று முறைக்கு மேல் பூட்டியிருந்தால் எழுதிக் கொடுத்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அவள் எழுதிக் கொடுக்கவில்லை. திரும்பி வருகிறவன் இருட்டில் நின்றால் முதல் வசவு அவளுக்குத்தான். சொற்ப யூனிட்டுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் கேட்பாரும் இல்லை. நாளடைவில் அந்த வீடுகளின் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எழுதிவிடுவாள்.

ஆனால் ஏனோதானோவென்று எழுதவில்லை. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் பொய் பல்லை இளித்துவிடும். வெயில் காலத்தில் மின்விசிறிக்கென்று நாலு யூனிட் கூட்டினாள். தையல்காரர் வீட்டுக்கு மெஷினுக்காக இரண்டு. கடைசி வீட்டுக்காரர்கள் கைக்குழந்தையோடு போனவர்கள். அந்த வீட்டுக்கு முதலில் ஒரு விடிவிளக்கு எழுதினாள். குழந்தைக்குப் பள்ளிக்கூட வயது வந்ததும் படிக்க ஒரு விளக்கு. இப்போது அதற்குப் பதினொரு வயது. தனக்குப் பிள்ளை இல்லாததை அவள் இதோடு சேர்த்து நினைத்ததில்லை. மற்றவர்கள் நினைக்க, விஷயமே வெளியில் தெரியாது.

கூடப் பிறந்தவள் ஒரு தங்கை. மேட்டுத் தெருவின் கீழ் முனையில் மாவு மில் வைத்திருந்தாள். இருக்கிற லைனுக்குச் சின்ன மோட்டார்தான் இழுக்கும். அது ஒரு மூட்டை அரைப்பதற்குள் இரண்டு மூட்டை டவுனுக்குப் போய்விடும். கழுத்தில் கிடந்ததை விற்றுப் பெரிய மோட்டார் வாங்கி, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள். மும்முனை லைன் வந்தால் மில் பிழைக்கும். வராவிட்டால் வாசலில் நாற்பத்திரண்டாவது பூட்டு.

வட்டாரத் திட்டம் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். அவர் சொன்னது ரொம்ப எளிமையாக இருந்தது. இந்தப் பகுதிக்குப் புதிதாக மின்சாரம் வரப்போவதில்லை. வீடுகள் எவ்வளவு மிச்சம் பிடிக்கின்றனவோ அவ்வளவும் அந்த ஊர்த் தொழிலுக்கு. மேட்டுத் தெரு ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டால் மில்லுக்கு லைன். அக்காவின் நோட்டைப் புரட்டி, அளவறிந்து வாழ்கிற ஊர் என்று மெச்சினார். வியாழக்கிழமை வந்து மீட்டர்களை நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டால் போதும் என்றார்.

ஒத்துப் பார்த்தால் அவள் வேலை போகும். தங்கையின் லைனும் போகும்.

"மீட்டரெல்லாம் ரிப்பேர்னு எழுதிடேன்க்கா," என்றாள் தங்கை.

"நாப்பத்தோரு மீட்டரும் ஒரே நாள்லயா? எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லவா?"

"பெரிய எலின்னு சொல்லு."

இருவரும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை காலை பஸ்ஸில் வழக்கம்போல எண்களை எழுதிக்கொண்டாள். பொய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவாவது வேண்டும் என்று மேடேறினாள். தையல்காரர் வீட்டு மீட்டரில் தூசி அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். நாலாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு. நோட்டைப் பார்த்தாள். நாலாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு.

உள்ளே சக்கரம் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தரையில் காலடி படாத தூசி. மெஷின் துணி மூடிக் கிடந்தது. மின்விசிறியின் இறக்கையில் தொங்கிய ஒட்டடை அசையவில்லை.

அடுத்த வீட்டிலும் ஒத்துப் போயிற்று. அதற்கடுத்த வீட்டிலும். பதினேழாவது வீட்டுக்கு அன்று காலை கூட்டலில் பிசகிப் பத்து யூனிட் அதிகமாக எழுதியிருந்தாள். அந்தப் பத்தும் மீட்டரில் இருந்தது. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுக்கு விரல்கள் சில்லிட்டிருந்தன.

வியாழக்கிழமை இன்ஜினியர் அறுபது மீட்டரையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஊரில் ஆளரவமே இல்லையே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். அது பொய் இல்லை.

லைன் வந்தது. சாக்கை விலக்கி மோட்டாரைப் பூட்டினார்கள். அக்கா மில்லின் ஓரத்தில் மாவு படிந்த பெஞ்சில் உட்கார்ந்து, வீடு வீடாகக் குறைத்து எழுதினாள். தையல்காரரின் மெஷினை நிறுத்தினாள். மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். மேலே சக்கரங்கள் தளர்வதைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. கடைசி வீட்டை மட்டும் அப்படியே விட்டாள்.

தங்கை சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது. பெல்ட் நடுங்கியது. சக்கரம் நகரவில்லை. லைன்மேன் அங்கே இங்கே தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கேயோ ஒரு விளக்களவுதான் குறைகிறது என்று சொல்லிப் போனார். ஒருநாள் முழுக்கக் காத்திருந்தார்கள். மூட்டை கொண்டுவந்தவர்கள் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் தங்கை நோட்டை வாங்கிக் கடைசி வரிசையில் விரலை வைத்தாள்.

"இது யாரு வீடு?"

"பூட்டுன வீடுதான்."

"உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்ப யாருக்குக்கா எரியுது?"

அக்கா கையை நீட்டினாள். நோட்டை வாங்கி, அந்த வீட்டுக்குப் பழைய எண்ணையே எழுதினாள். ஒரு யூனிட்கூட ஓடவில்லை என்று அர்த்தம். மோட்டார் முக்கி, ஒரு சுற்று சுற்றி, பிறகு மூச்சுவிடாமல் ஓடத் தொடங்கியது. தங்கை அவள் கன்னத்தைக் கிள்ளினாள். கன்னத்தில் மாவு ஒட்டிக்கொண்டது.

இரண்டு மாதத்தில் மில்லுக்கு நாலு பேர் வேலைக்கு வந்துவிட்டார்கள். டவுனுக்குப் போன மூட்டைகள் திரும்பின. தங்கை உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை என்று அலுத்துக்கொண்டாள். அவள் இப்படி அலுத்துக்கொண்டு பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

அடுத்த ரீடிங்குக்கு அக்கா பஸ்ஸில் எதுவும் எழுதவில்லை. நேராக மேடேறினாள். தையல்காரர் வீட்டில் சக்கரம் சோம்பலாகச் சுற்றியது. கடைசி வீட்டில் நின்றிருந்தது. எண் மாறவில்லை. எழுதியது எழுதியபடி.

திரும்பப் போனவள் காலில் ஏதோ இடறியது. துருப்பிடித்த பூட்டு, படியில் கிடந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

ஜன்னல் பலகையின் இடுக்கில் முகத்தை வைத்தாள். பட்டப்பகலில் உள்ளே மையிருட்டு. அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவத்தியின் வாசனை.

கூப்பிட வாயெடுத்தாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்பதே தெரியாது.

கீழே மில் ஓடும் சத்தம் சரிவெல்லாம் நிறைந்திருந்தது. அவள் நோட்டைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கடைசி வரிசையில் எட்டு யூனிட் கூட்டி எழுதினாள்.

மீட்டருக்குள் சக்கரம் ஒரு முறை துள்ளிச் சுற்றத் தொடங்கியது. பலகை இடுக்கில் மெல்லிய மஞ்சள் கோடு விழுந்தது. கீழே மில்லின் சத்தம் இழுத்து இழுத்து நின்றது.

சற்றுப் பொறுத்து, "அக்கா" என்று தங்கை கூப்பிடுவது கேட்டது. மறுபடியும் கேட்டது. அவள் மஞ்சள் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அது வெளியே தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றாள்.