வரிசையில் முதல் இடம்

கோவிந்தாபுரத்தில் ரேஷன் கார்டை நகல் எடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் கொடுத்த தாள் இன்னும் சூடாக இருந்தது. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் குமாரன் சார் ஞாபகம் வந்துவிட்டது, கூடவே கோபமும். பகையைக்கூட மாவடு மாதிரி ஊறப்போட்டு வைப்பவள் என்று என்னை வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேரள எல்லையில், மீனாட்சிபுரம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ்ப் பிரிவு டீச்சராக இருந்தேன். குமாரன் சார் அங்கே ஆபீஸ் கிளார்க். பள்ளியின் கோப்புகள் எல்லாம் அவர் மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருந்த ஒரு கிழட்டு சர்வரில்தான். யார் எதை அச்சடித்தாலும் அதன் வழியாகத்தான் பிரிண்டருக்குப் போகவேண்டும். வெயில் காலத்தில் அதற்கென்று தனி ஃபேன் உண்டு. எங்கள் வகுப்புக்குக் கிடையாது. மலையாளப் பிரிவு வினாத்தாள் மளமளவென்று வரும். எங்களுடையதை நிறுத்தி வைப்பார். கேட்டால், தலையைத் தூக்காமலே, "வரிசையில உண்டு டீச்சரே, வரும்" என்பார். வந்தாலும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். "தமிழ் இதுல செரியாவில்ல" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

அதனால் ஓணப் பரீட்சைக்குக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதவே பாதி நேரம் போய்விடும். மணி அடிக்கும்போது கடைசிக் கேள்விகள் அப்படியே நிற்கும். "அவிங்களுக்கு மட்டும் ஏனுங்க டீச்சர் அச்சடிச்ச பேப்பரு?" என்று ஒருத்தி கேட்டாள். நன்றாகப் படிக்கிற பெண். அதையும் ஊறப்போட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் விழுந்த ஓர் இடியில் சர்வர் கண்ணை மூடியது. புதிது வாங்கப் பள்ளியில் வழியில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார். விடுமுறைப் பயிற்சியில் கொடுத்த கட்டற்ற மென்பொருள் சிடி என்னிடம் இருந்தது. அந்தப் பயிற்சியில் நான் முக்கால்வாசி தூங்கினேன் என்பது வேறு விஷயம். லேபில் ஒதுக்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டரில் அதை ஏற்றினேன். நானே கெடுத்து, நானே சரிசெய்து, பிழைத்திருந்த பழைய டிஸ்கிலிருந்து கோப்புகளை மாற்றி, பிரிண்டரையும் இணைத்து, அதையே புது சர்வர் ஆக்கினேன். தமிழ் முத்து முத்தாக வந்தது!

அச்சு வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்று அதில் நாமே வைக்கலாம். தமிழ்ப் பிரிவை முதலில் வைத்தேன். ஆபீசைக் கடைசியில்.

பரீட்சைக்கு முந்தின நாள் குமாரன் சார் சம்பள பில்லுக்குப் பட்டனை அமுக்கினார். எங்கள் வினாத்தாள் வந்தது. மறுபடி அமுக்கினார். எங்கள் அடுத்த வகுப்பு வந்தது.

"எந்தா டீச்சரே இது?"

"வரிசையில இருக்குதுங்க சார், வருமுங்க."

என்ன சுகம்! இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. மறுநாள், அச்சடித்த பேப்பர் கேட்ட அந்தப் பெண் எல்லாக் கேள்வியும் எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏறிப் போனார்கள். தமிழ்ப் பிரிவை மூடி, என்னையும் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். நான் வைத்த சர்வர் இன்னும் ஓடுகிறதாம். வரிசையை யாரும் மாற்றவில்லையாம், முதல் இடம் இன்றும் தமிழுக்குத்தான். ஆனால் குமாரன் சார் பட்டனை அமுக்கியதும் தாள் உடனே வந்து விழுகிறதாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.