திங்கள், புதன், சனி

எங்கள் பக்கம் திங்கள், புதன், சனிதான் விசைப்படகுக்குக் கடல் நாள். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. என் வீட்டுக்காரர் விசைப்படகில் போனார். காலையில் போனால் மறுநாள் விடியலில்தான் திரும்புவார். அந்த மூன்று நாளும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, அடுப்படி வாசலில் உட்கார்ந்து எழுதுவேன். புருஷன் கடலில் இருக்க இவளுக்குக் கதை கேட்கிறதா என்று பேசுகிறவர்கள் பேசட்டும். அவர் கடலில் இருக்கிற பயத்தை மறக்கத்தான் நான் எழுதவே தொடங்கினேன்.

அனுப்பிய கதைகள் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் வீம்புக்கு ஒரு நாவலில் கைவைத்தேன். பாதியில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இரண்டு மாதம் படகு கரையில், மனிதர் வீட்டில். டீ கேட்பார், டிவி போடுவார், பேனாவை எடுத்தால் எட்டிப் பார்ப்பார். நாவல் நின்றுபோனது. இப்போது விட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று பயந்தேன். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு நாள் அவர் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“எங்க கெளம்புறீக?”

“கேரளாவுக்குப் போறேன். அங்கன இப்ப தொழில் இருக்கு. சும்மா உக்காந்து திங்கிறேன்னுதான மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “நீங்க வீட்ல இருந்தா எனக்கு எழுத வரமாட்டேங்குது” என்று போட்டு உடைத்தேன்.

“இம்புட்டுத்தானா? கிறுக்கி!” துணியெல்லாம் அலமாரிக்குத் திரும்பியது.

அடுத்த திங்கள் காலை, தூக்குவாளியில் பழைய சோறு கேட்டு வாங்கினார். “இன்னைக்கு எனக்குக் கடல். போயிட்டு வாரேன்” என்று கிளம்பிவிட்டார். கரையேற்றிய படகுக்குப் பக்கத்தில் வலை தைத்துக்கொண்டு பகல் முழுக்க இருந்தாராம். வீட்டுக்காரி விரட்டிவிட்டாளா என்று தெருவே சிரித்தது.

எனக்கோ அன்று ஒரு வரி ஓடவில்லை. அந்தியில் வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. மீன் கிடைத்ததா என்று கரையில் கேட்பார்களே, அதே மாதிரி, “பாடு உண்டா?” என்றார்.

“ஒண்ணும் படல.”

“அப்ப நான் வெயில்ல வெந்தது வீணா?” உண்மையாகவே கோபம். சாப்பிட்டு முடித்த பிறகுதான், “சரி, புதன்கெழம பாப்போம்” என்றார்.

புதன்கிழமை எழுதினேன். அந்த மனிதர் அங்கே காய, நான் இங்கே கன்னத்தில் கைவைத்து உட்கார மனசு வரவில்லை. தடைக்காலம் முடிவதற்குள் நாவல் முடிந்தது. பிறகு புத்தகமாகவும் வந்தது.

அதற்கப்புறம் எவ்வளவோ எழுதியாயிற்று. அந்த இரண்டு மாதம் மாதிரி சந்தோஷமாக நான் எழுதியதே இல்லை. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். மூட்டு வலியால் அவரும் கடலை விட்டுவிட்டார். இப்போது எனக்கு எல்லா நாளும் தோதுதான். அதனாலேயே எழுத்து தள்ளித் தள்ளிப் போகிறது.

இன்று சனிக்கிழமை. காலையில் தூக்குவாளியைத் தேடினார்.

“முட்டி வீங்கியிருக்கு. இன்னைக்கு வீட்ல இருங்க.”

“நான் இருந்தா நீ டிவி பாப்ப” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து சாய்ந்து கரைப்பக்கம் நடந்தார்.

அந்திக்கு வந்து கேட்பார். இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.