எங்கள் வீட்டுச் செவ்வரத்தையில் வந்த வெள்ளை

இதை எழுத எனக்குப் பல வருடங்களாகத் துணிவு வரவில்லை. சாமியைக் கிண்டல் செய்கிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அம்மன் சாட்சியாக, நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முற்றத்தில் செம்பருத்தி என்று சிலர் சொல்லும் செவ்வரத்தை ஒன்று நிற்கிறது. மகளுக்குச் செங்கமாரி வந்து, கண் மஞ்சள் தெளிந்து சுகமானபோது, அந்த மரத்துப் பூவாலேயே வெள்ளிதோறும் அம்மனுக்கு மாலை சாத்துவதாக நேர்ந்திருந்தேன். கடைப் பூ அந்த நேர்த்தியில் இல்லை.

ஒரு நாள் காலையில் பார்த்தால் கொப்பெல்லாம் வெள்ளை வெளேர் என்று தூள். தரையிலும் உதிர்ந்து கிடந்தது. அம்மன் திருநீறு கொட்டியிருக்கிறாள் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. அள்ளி நெற்றி நிறையப் பூசினேன். அயலுக்கெல்லாம் சொன்னேன். ஒழுங்கையில் இருந்த அத்தனை வீடும் திரண்டு வந்தது. மாதா கோயிலுக்குப் போகிற முன்வீட்டு அக்காவும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கிள்ளு எடுத்துக் கடதாசியில் மடித்துக்கொண்டு போனார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

என் மனைவி மட்டும் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட திருநீறு நடக்குது."

கண்ணாடியில் பார்த்தேன். நடந்துதான் கொண்டிருந்தது. புருவம் வரை வந்துவிட்டது.

ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். மொட்டுகள் சுருண்டு விழத் தொடங்கியதும் என் சிரிப்பு நின்றது. வழக்கமாக வரும் தேன்சிட்டு வரவில்லை, வண்ணத்துப்பூச்சியும் இல்லை, எறும்பு ஊர்வலம் மட்டும்தான். நேர்த்தி தவறிவிடுமே என்று மருந்தடிக்கப் போத்தல் வாங்கி வந்தேன்.

மனைவியின் தங்கை மகள் விவசாயம் படித்து, பூச்சிகளை ஆராயும் இடத்தில் வேலை செய்கிறாள். ஓடி வந்து போத்தலைப் பறித்தாள்.

"மருந்தடிச்சா நல்லது செய்யிற எங்கட பொறிவண்டுதான் முதல்ல சாகும், பெரியப்பா."

இந்த வெள்ளை, வெளிநாட்டில் இருந்து வந்த மாவுப்பூச்சியாம். இதைத் தின்கிற எதிரி அங்கேயே நின்றுவிட்டதாம். அதனால் பப்பாசியில் இருந்து காட்டுச் செடி வரை எல்லாவற்றையும் உறிஞ்சுகிறது, அவற்றை நம்பியிருக்கிற நம் உயிர்களும் பட்டினி கிடக்கின்றன என்றாள். அந்த எதிரியையும் இப்போது அங்கிருந்து எடுப்பித்திருக்கிறார்கள், ஒரு குளவி, கொண்டு வருகிறேன் என்றாள்.

குளவி வந்த அன்று ஜன்னல்களைச் சாத்தி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். சின்னப் போத்தலின் மூடியைத் திறந்தாள். நான் கண்ணை இறுக்கி மூடினேன்.

"எப்ப பிள்ளை விடப்போறாய்?"

"விட்டாச்சு, பெரியப்பா."

தூசியிலும் சின்னதாம். மனைவி குந்திக்கொண்டே சிரித்தாள்.

ஒரு வெள்ளி ஒற்றைப் பூதான் கிடைத்தது. அதையே நூலில் கட்டிச் சாத்தினேன். பிறகு மெல்ல மெல்ல வெள்ளை வற்றியது, சிவப்பு எட்டிப் பார்த்தது. ஒரு காலை தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தேன் குடித்தது. அந்த வெள்ளி என் மாலை அம்மன் பாதம் தொட்டது.

இன்றும் கோயிலில் யாராவது, உங்கள் வீட்டில் திருநீறு கொட்டியதாமே என்று கேட்கிறார்கள். இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இப்படியே சொல்லுங்கள். பூச்சியைத் திருநீறு ஆக்கிவிடாதீர்கள். அம்மன் அனுப்பியது கண்ணுக்குத் தெரியாத அந்தக் குளவியை.