மிஞ்சிய தணல்

எரிவாயு விலை ஏறியதிலிருந்து, கிண்ணியாவில் எங்கள் வீட்டுச் சமையல் தேங்காய்ச் சிரட்டைத் தணலில்தான். மிஞ்சும் தணலையும் நான் வீணாக்குவதில்லை. அன்று விடாத மழை. மகளின் பள்ளிச் சீருடையைக் காயவைக்க, தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்து ஜன்னலைச் சாத்தினேன். புகை இல்லைதானே என்ற தைரியம்.

கட்டிலில் படித்துக்கொண்டிருந்த மகள், “உம்மா, தலை இடிக்குது” என்றாள்.

“படிக்கப் பஞ்சிப்பட்டுக் கதைக்காம படிங்க மகள்.”

அதன்பின் அவள் கதைக்கவில்லை. படிக்கிறாள் என்றே நினைத்தேன். அங்கேயே இருந்து துணி மடித்துவிட்டு எழும்பப் பார்த்தால் எனக்குக் கால் எழவில்லை. கூப்பிட்டேன், மகள் அசையவில்லை.

கறிச்சட்டியைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டு நஸீமா கதவைத் தள்ளினாள். “அல்லாஹ்! என்ன ராத்தா இது? சாத்தின அறைக்குள்ள தணல் நஞ்செல்லோ!” என்று மகளை முற்றத்துக்கு இழுத்துப் போனாள்; நான் தவழ்ந்து பின்னால் போனேன். முகத்தில் மழை விழுந்த பிறகே மகள் கண் திறந்தாள்.

இப்போது தணலை வெளியிலேயே தண்ணீர் ஊற்றி அணைக்கிறேன். மகள் தலையிடி என்றால், பதில் சொல்லுமுன் ஜன்னலைத் திறக்கிறேன்.