புலிவலம் சாலையில் நின்ற வேன்

இருளாயி தாய்வீட்டுக்குப் புறப்பட்டது 1978 சித்திரையில், ஒரு புதன்கிழமை. காலையில் ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டில் வளைகாப்பு முடிந்திருந்தது. முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், கன்னமெல்லாம் காய்ந்த சந்தனம். வேனின் பின்சீட்டில் மெல்ல ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் அம்மா மயிலம்மாள், மடியில் புளிச்சோற்றுத் தூக்கு.

“இந்தாங்க, கிண்ணத்துல சந்தனம் மிச்சம் கெடக்கு பாருங்க. நம்ம வண்டிக்கும் வச்சிட்டு எடுங்க” என்றாள் இருளாயி.

“வண்டிக்கும் வளைகாப்பா? அதுக்கு எத்தனாவது மாசம் மாப்ள?” என்றாள் மயிலம்மாள்.

ரத்தினவேல் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை வாங்கினான். முன்கண்ணாடியில் ஒரு பொட்டு, ஸ்டியரிங்கில் ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று. அப்புறமும் மிச்சம் இருந்தது. டீசல் டேங்க் மூடிதான் வண்டி சாப்பிடுகிற வாய் என்று தோன்றியது. கிண்ணத்தை வழித்து அதன்மேல் கட்டைவிரலால் தடிமனாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தான்.

“வெள்ளிக்கிழமை தவறாம நீங்களே வச்சிடுங்க. நான் வர்ற வரைக்கும்” என்றாள் இருளாயி.

அந்த வேனை அவன் வாங்கியதே அவளுக்காகத்தான். முன்பு மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் நெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முதல் பிரசவத்துக்கு இருளாயி தாய்வீடான உப்பிலியபுரம் போயிருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். துறையூரிலிருந்து கார் வந்து சேர்வதற்குள் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. ரத்தினவேலோ அன்று நெல் மூட்டைகளோடு தஞ்சாவூரில் இருந்தான். திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்தவன், அடுத்த போகத்துக்குள் லாரியை விட்டு இறங்கினான். ஒரு பள்ளிக்கூடம் ஓட்டித் தேய்த்துக் கழித்த டீசல் வேனை வாங்கி வாடகைக்கு விட்டான்.

இந்தத் தடவை திருச்சி ஆஸ்பத்திரியில்தான் பேறு பார்க்க வேண்டும், வலி கண்டால் தாமதிக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். தாய்வீட்டுச் சோறு தின்னாமல் என் மகள் பிள்ளை பெறுவாளா என்று மயிலம்மாள் கண்ணைக் கசக்கினாள். கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. மாதம் நிறைந்ததும் திருச்சிக்குக் கூட்டி வந்துவிடுவது. அதற்கு முன் வலி வந்தால் அவன் வேனோடு போய் நிற்பது.

“ஆள் அனுப்புங்க, போதும். வண்டியோட வந்து நிப்பேன் அத்தை” என்று அவன் சொன்னான்.

சொன்ன வாய் மூடவில்லை. அன்றைக்கே மண்ணச்சநல்லூர் தாண்டியதும் வண்டி இழுக்க மாட்டேன் என்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இருமியது. ரத்தினவேல் ஓரம் கட்டினான். அந்த வேனில் டீசல் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதனால் வண்டி மக்கர் செய்தால் முதல் வேலையாக மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளவு பார்ப்பது அவன் வழக்கம். பார்த்தான். டீசல் நிறைய இருந்தது. குழாயில் காற்று ஏறியிருக்கும் என்று ஃபில்டர் பக்கத்துக் கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கினான். வண்டி ஒன்றும் நடக்காதது போல ஓடியது. இருளாயியை விட்டுவிட்டுத் திரும்பும்போது புலிவலத்துப் பக்கம் மறுபடி அதே இருமல்.

பாலக்கரையில் ஷெட் வைத்திருந்த அமிர்தசாமி அவனுடைய லாரிக் காலத்துச் சிநேகிதன். வண்டியைச் சுற்றி வந்து, முதலில் அவனும் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தான். பிறகு டவுனுக்குள் ஓட்டிப் பார்த்தான். பட்டுப் போல ஓடியது.

“என்னப்பா ரத்தினம், வண்டிக்கு ஒண்ணுமில்லையே. பொண்டாட்டி ஊருக்குப் போன ஏக்கத்துல உனக்குத்தான் இழுவை போச்சு.”

“வெளையாடாத சாமி. தொலைதூரம் போனாத்தான் காட்டுது.”

அமிர்தசாமி ஃபில்டரை மாற்றினான். காற்று இழுக்கிறதோ என்று குழாய் மூட்டுகளில் புதுச் செப்பு வாஷர் போட்டான். வண்டி நாலு நாள் நன்றாக ஓடும். ஐந்தாம் நாள் துறையூர் சவாரியில் காலை வாரும். டேங்கை இறக்கி அலசினான். அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றிருந்தது. மூடி வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்று, மூடிக்குள் தேய்ந்து கிடந்த ரப்பரை எடுத்துவிட்டுப் புது ரப்பர் போட்டு இறுக்கினான்.

அதற்குப் பிறகு நிலைமை மோசமானது. முன்பு இருமிய இடத்தில் இப்போது அடியோடு திணறியது. டேங்கை நிரப்பிக்கொண்டு போனால் இன்னும் சீக்கிரம். இது இரண்டு பேருக்கும் விளங்கவேயில்லை. அரை வயிறாக இருந்தால் ஓடுகிறது, வயிறு நிறைந்தால் படுத்துக்கொள்கிறது. பம்பைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்து வாங்கினார்கள். பம்பில் குறையில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ரத்தினவேல் சந்தனம் குழைத்தான். பயம் கூடக்கூடச் சந்தனமும் கெட்டியானது. கண்ணாடிப் பொட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பான். டேங்க் மூடியில் இருளாயியின் வளைகாப்புச் சந்தனம் அல்லவா இருக்கிறது? அதைத் துடைக்க மனம் வராமல் மேலேயே அப்பினான். புழுதியும் டீசல் கசிவும் சேர்ந்து அது அடைபோல இறுகிவிட்டது.

வைகாசி பிறந்ததும் அமிர்தசாமி ஷெட்டின் நடுவில் நின்று கையைத் துடைத்தான்.

“எனக்குப் பிடிபடல ரத்தினம். வெக்கத்தை விட்டுச் சொல்றேன். அந்தப் பொண்ணை வேற வண்டியில கூட்டிட்டு வந்துடு.”

ரத்தினவேலுக்குச் சுருக்கென்றது. “என் வண்டிக்கு என்ன கேடு? உன் கைக்குத்தான் கேடு. நீ தொட்டப்புறம்தானே அதிகமாச்சு?”

“நான் தொடறதுக்கு முன்னாடியும் நின்னுச்சுல்ல?”

“இருமுச்சு. நிக்கல. நிக்க வச்சது நீ.”

அமிர்தசாமி ஸ்பானர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டான். ரத்தினவேல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மாதம் நிறைய இன்னும் நாள் இருக்கும்போதே, ஒரு பெரிய முகூர்த்த நாளன்று காலையில், பக்கத்து மளிகைக்கடைக்கு உப்பிலியபுரத்திலிருந்து டிரங்க் கால் வந்தது. வலி கண்டுவிட்டது. துறையூரில் ஒரு டாக்சி மிச்சமில்லை, எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டன.

போகும்போது வண்டி ஒருமுறை திணறியது. குச்சி விட்டான், பம்பு அடித்தான், கிளம்பியது. இருளாயியைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டு மயிலம்மாள் உட்கார்ந்தாள். வழியில் டீசல் தீர்ந்துவிடக் கூடாதே என்று துறையூரில் டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பி, மூடியை இறுக்கித் திருகினான்.

வலி வரும்போதெல்லாம் பின்னால் வளையல்கள் நொறுங்குகிற மாதிரி குலுங்கின. அப்புறம் அடங்கின. மறுபடி குலுங்கும் வரைக்கும் ரத்தினவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

புலிவலம் தாண்டியதும் இருமல் தொடங்கியது. கியரைக் குறைத்தான். வண்டி நடந்தது. இன்னும் குறைத்தான். ஊர்ந்தது. ஒரு புளியமரத்தடியில் இரண்டு தரம் விக்கிவிட்டு என்ஜின் நின்றே போனது.

முன்பெல்லாம் அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்று அஞ்சி, என்ஜினை உறுமவிட்டபடியேதான் அவன் இறங்கிப் பார்ப்பான். இன்றைக்கு ஓசையே இல்லை. வெயில் கொதித்தது. சாலையில் ஒரு வண்டி வரவில்லை. பின்னால் இருளாயி பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது மட்டும் கேட்டது.

“இந்த வண்டிய நம்பி வந்ததுக்கு…” என்று ஆரம்பித்த மயிலம்மாள், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவன் கை தன்போக்கில் குச்சியை எடுத்தது. மூடியைப் பிடித்துத் திருகினான். திரும்பவில்லை. இரண்டு கையாலும் பலம் கொண்டமட்டும் திருகினான்.

உஸ்ஸ்ஸ்.

“என்ன மாப்ள, உங்க வண்டி இம்மாம் பெரிய பெருமூச்சு விடுது?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் மயிலம்மாள். “வலி அவளுக்கா, இதுக்கா?”

ரத்தினவேல் குச்சியை உள்ளே விடாமல் அப்படியே நின்றான். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிருக்கிறது. மூடியோரம் வைத்திருந்த விரலை அது இழுத்ததே. டேங்கிலிருந்து டீசல் போகப்போக, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். இல்லாவிட்டால் பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் டீசல் வராது. காற்று வருவதற்கென்று மூடியில் ஒரு ஊசித்துளை இருக்குமே! எங்கே அது?

மூடியைத் திருப்பிப் பார்த்தான். உள்பக்கம் துளை தெரிந்தது. வெளிப்பக்கம் தெரியவில்லை. அங்கே இருந்தது அவன் அப்பிய சந்தனம்.

ஒவ்வொரு தடவையும் குச்சி விட மூடியைத் திறந்தோமே, அப்போதே கோளாறு போய்விட்டது. கைப்பம்பு அடித்ததால் சரியானது என்று நாம் நம்பிக்கொண்டோம். முன்பு தேய்ந்த ரப்பர் இடுக்கில் கொஞ்சம் காற்று நுழைந்துகொண்டிருந்தது. அமிர்தசாமி புது ரப்பர் போட்டு அதையும் அடைத்தான். டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான், அதனால் சீக்கிரமே திணறுகிறது. எல்லாம் ஒரே நொடியில் அவனுக்குப் புரிந்தது.

“அத்தை, துணி ஏதாச்சும் குடுங்க. சீக்கிரம்.”

மயிலம்மாள் எதற்கென்று கேட்கவில்லை. முந்தானையைப் பல்லில் வைத்துக் கிழித்து நீட்டினாள். டேங்க் வாயில் அந்தத் துணியைக் கட்டினான். மூடியைத் தூக்கி முன்சீட்டில் எறிந்தான். கைப்பம்பை அமுக்கினான். சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது.

“சாமியேய்” என்றாள் மயிலம்மாள். எந்தச் சாமி என்று அவளுக்கே தெரியாது.

மண்ணச்சநல்லூர் வந்தது. இருமல் இல்லை. டோல்கேட் வந்தது. கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது அவன் காலின் கீழே வண்டி இழுத்த இழுவை, வாங்கிய நாளிலிருந்து அவன் அறியாதது. காவிரியையும் கடந்து சத்திரம் பஸ் நிலையத்துக் கூட்டத்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் புகுந்தான். பின்னால் வளையல் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

“இருக்கா மாப்ள, நீங்க ரோட்டைப் பாருங்க” என்றாள் மயிலம்மாள்.

இந்தப் பிள்ளையும் குறுக்கேதான் கிடந்தது. உடனே அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். ரெங்கம்மாள் என்று பெயர் வைத்தார்கள்.

இருளாயி கண் விழித்துப் பேசிய அன்றைக்கே ரத்தினவேல் அந்த மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாலக்கரைக்கு ஓடினான். ஷெட்டில் பூட்டு தொங்கியது. குவைத்தில் வேலைக்குப் பம்பாய் ஏஜெண்டிடமிருந்து தந்தி வந்ததாம், அமிர்தசாமி கிளம்பிப் போய்விட்டானாம். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கு ஒரே அக்கா, அவளும் காரைக்காலில் எங்கேயோ. ரத்தினவேல் பூட்டைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றான். “உன் கைக்குத்தான் கேடு” என்று சொன்ன வாய்க்கு வேறொன்று சொல்ல வாய்ப்பே இல்லாமல் போனது.

அதன்பிறகும் அவன் வேன் ஓட்டினான். வெள்ளிக்கிழமை சந்தனம் வைத்தான், கண்ணாடியில் மட்டும். பிரசவம் என்றால் எந்தத் தெருவிலிருந்து யார் வந்து கூப்பிட்டாலும் சோற்றுக்கையோடு எழுந்து போவான். புறப்படுமுன் மூடித்துளையில் ஊசியை விட்டுப் பார்ப்பான். குழந்தைகள் அதைக் கண்டு சிரிக்கும்.

1987இல், குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த முன்பின் தெரியாத ஒருவர் வீடு தேடி வந்து, ஒரு கோடாலித் தைலப் புட்டியும் ஒரு கேசட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது வண்டியில் டேப் ரிக்கார்டர் இருந்தது. ரத்தினவேல் வேனில் ஏறிக் கேசட்டைப் போட்டான். இருளாயி கதவோரம் வந்து நின்றாள். ரெங்கம்மாள் முன்சீட்டில் தாவி ஏறிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஏர்கூலரின் இரைச்சல். பிறகு ஒரு கனைப்பு.

“ரத்தினம், நான் சாமி பேசறேன்பா. பாலக்கரை சாமி. இங்க ஷெட்டு, வேலை எல்லாம் நல்லாருக்கு. தெனம் பத்து வண்டி பாக்கறேன். ஒண்ணு பாக்கி இல்லாம சரி பண்ணிடறேன். ஆனா உன் வண்டிக்கு என்னன்னுதான் இன்னி வரைக்கும் தெரியல. அதை வுடு. நான் கேக்க வந்தது வேற. கேக்கறதுக்கே இத்தனை வருஷம் பயந்துகிட்டுக் கெடந்தேன். வேற வண்டியில கூட்டிட்டு வான்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும். கோவத்துல வாய மூடிக்கிட்டேன். அன்னிக்கு அந்த வண்டி போய்ச் சேந்துச்சா? இருளாயி தங்கச்சி எப்படி இருக்கு? பிள்ளை என்னாச்சு? எதுவா இருந்தாலும் சொல்லிடு ரத்தினம். இந்தப் பக்கம் மட்டும்தான் நான் பேசியிருக்கேன். அந்தப் பக்கத்தை நீ பேசறதுக்குக் காலியா வுட்டிருக்கேன்.”