பசை காயும் வரை

என் வீட்டுக்காரரை என் தம்பி 'தொடைநடுங்கி மாமா' என்றுதான் கூப்பிடுவான். முகத்துக்கு நேராகவே. அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சுவரில் பல்லி ஓடினால் கட்டில்மேல் ஏறி நிற்கிற மனுஷன் எந்த முகத்தோடு கோபித்துக்கொள்வார்? அப்படிப்பட்டவர் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தொண்டு வேலைக்கு ஆறு மாதம் வெளிநாடு போவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"அங்க சண்டை இப்பதான் ஓஞ்சிருக்காம். காலை இழந்தவங்க அத்தனை பேரு. கால் செஞ்சு மாட்ட ஆளே இல்லையாம்."

"உங்க கால் நடுங்காம இருந்தா சரி," என்றேன்.

செயற்கைக் கால் செய்வதுதான் அவர் தொழில். அதிலும் பயம் அவரை விட்டதில்லை. பாதத்தைக் காலோடு ஒட்டுகிற பசை சில மணி நேரம் காய்ந்தால் போதும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். இவருக்கு அது போதாது. ஒரு முழு நாள் ஆகாமல் காலைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார். நடுரோட்டில் பாதம் கழன்றால் என்ன ஆவது என்பார். அவர் ஒட்டிய பாதம் ஒன்றுகூட இதுவரை கழன்றதில்லை என்று மேலதிகாரி சொன்னாலும் தலையாட்டிவிட்டு அதையேதான் செய்வார்.

அங்கே போயும் அதே கதை. ஒருநாள் காலையில், பாதத்தில் விரிசல் விழுந்த செயற்கைக் காலோடு ஒரு தையல்காரம்மா வந்தார். இவர் புதுப் பாதத்தை ஒட்டி, காலை மேஜைமேல் நிறுத்திவிட்டு, "நாளைக்கு வந்து வாங்கிக்குங்க," என்று ஊன்றுகோல்களைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மதியம் ஆட்சி கவிழ்ந்தது. கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தெருக்கோடியில் புகை எழுந்தது. தொண்டர்களை ஏற்றிப் போக வேன் வந்து நின்றது.

"சீக்கிரம் ஏறுங்க சார், பாலத்தை மூடப்போறாங்க!" என்று டிரைவர் கத்தினார்.

அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

"நான் வேன்ல ஏறல. அந்தம்மாவோட கால் என்கிட்ட இருக்கு."

"உங்களுக்கென்ன பைத்தியமா? காலை அங்கயே வச்சிட்டு முதல்ல கிளம்புங்க!"

"அவங்க எப்படி ஓடுவாங்க?" என்றார். அதோடு லைன் அறுந்தது.

அன்று பயந்த மாதிரி நான் என்றைக்குமே பயந்ததில்லை. டிவியில் எரிகிற பஸ்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்குள்ளும் இவரைத் தேடினேன். அந்தத் தையல்காரம்மாவை, முகம் தெரியாத அந்தப் பொம்பளையை, வாயார வைதேன். பிறகு நடந்ததையெல்லாம் அவர் திரும்பி வந்த பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

காலைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்தம்மா வீட்டைத் தேடிச் சந்துசந்தாகப் போயிருக்கிறார். ஒரு திருப்பத்தில் இரும்புக் கம்பியோடு நாலைந்து பேர் மறித்துக்கொண்டார்கள். துப்பாக்கி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. "பிரி!" என்றான் ஒருவன். இவர் அவசரத்தில் இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகிவிட்டது. அவனே துண்டைப் பிடுங்கிப் பிரித்தான். உள்ளே கால். அவன் முகம் சுண்டிப்போய் விலகி வழிவிட்டானாம்.

தையல்காரம்மா வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய தங்கை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். ஊன்றுகோல்களோடு அந்தக் கூட்டத்தில் போனால் மிதித்துவிடுவார்கள் என்று அந்தம்மா பின்தங்கிவிட்டார்.

"கால்காரரே, வந்துட்டீங்களா!" என்று அழுதுவிட்டாராம்.

இவர் காலை மாட்டிவிட்டார். மாட்டும்போதே, "ஓடாதீங்கம்மா. பசை இன்னும் சரியாக் காயல. மெதுவா நடங்க," என்றார்.

எல்லோரும் தலைதெறிக்க ஓடுகிற தெருவில் இவர்கள் இருவர் மட்டும் நடந்தார்கள். இவர் ஒரு தப்படி பின்னால், அந்தப் பாதத்தை விட்டுக் கண்ணெடுக்காமல். பின்னால் கண்ணாடிகள் நொறுங்குகிற சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. இரண்டு தரம் அந்தம்மாவை விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியதாம். என்னிடம் மட்டும் சொன்னார்.

பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சுட ஆரம்பித்தார்கள். இவருக்கு முழங்கால் மடங்கிவிட்டது. நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. தையல்காரம்மா கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். பாலம் பக்கம் போகவில்லை. இவரிடம் ஓடி வந்தார்.

"ஓடாதீங்க, பசை..." என்றிருக்கிறார் இவர்.

"ரெண்டு காலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, எழுந்திருங்க!" என்று சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, இழுத்துக்கொண்டே ஓடினாராம். பாலத்தின் அந்தக் கரை வரைக்கும். பாதம் அசையக்கூட இல்லை.

அக்கரையில் வெளிநாட்டுக்காரர்களைத் தனியாகப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். அந்தம்மா தங்கையைத் தேடிக் கூட்டத்துக்குள் போய்விட்டார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

"அப்பவே காஞ்சிருந்துச்சு," என்பார் எப்போதாவது, சாப்பாட்டுக்கு நடுவில். "காலையிலேயே கொஞ்ச நேரம் உட்கார வச்சு மாட்டி அனுப்பியிருந்தா, பிள்ளைங்களோடயே போயிருப்பாங்க."

வந்த பிறகு பழையபடி ஆஸ்பத்திரி வேலைதான். பல்லிக்கு இன்னமும் கட்டில்மேல் ஏறுகிறார். ஆனால் இப்போது யாரையும் கால் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்காரவைத்து, பசை காய்கிற வரைக்கும் தானும் கூடவே உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் நான் சோறு கொண்டுபோனபோது அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அலுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வந்து வாங்கிக்கறேனே தம்பி. வீடு பக்கத்துலதான். எனக்கென்ன அவசரம்?"

இவர் எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இருங்கய்யா," என்றார். "திடீர்னு ஓட வேண்டி வந்துட்டா?"